எழுத்து உதிராமல் காத்தவர்கள்: ஓலைச்சுவடியும் தோற்சுருளும் தரும் வகுப்பறைப் பாடம்

புறநானூறு 400 பாடல்களைக் கொண்டது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களிலும் அடிகள் சிதைந்துள்ளன. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இவை புலவர்கள் பாடாமல் விட்டவை அல்ல. ஏடு முறிந்தும், பூச்சி அரித்தும், படியெடுக்க ஆளில்லாமலும் போனவை.

கொல்லிமலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றும் எனக்கு இது தொலைவில் உள்ள செய்தி அன்று. எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய 152, 153ஆம் பாடல்களும், கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடலும் அதே புறநானூற்றில்தான் இருக்கின்றன. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் கொல்லிப்பாவை வருகிறாள். செம்மேட்டில் ஓரியின் சிலையைப் பார்த்தபடி பள்ளிக்கு வரும் குழந்தைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "267ஆம் பாடல் இருந்த ஏட்டுக்கு நேர்ந்தது 152ஆம் பாடல் இருந்த ஏட்டுக்கு நேர்ந்திருந்தால், ஓரியைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்?"

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த பாடத் திட்டத்தையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். ஏட்டைக் காப்பது என்றால் என்ன, எழுத்தைக் காப்பது என்றால் என்ன, இரண்டுக்கும் வகுப்பறையில் என்ன வேலை என்பவையே இதன் மையம். 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்குத் தமிழிலும் சமூக அறிவியலிலும் பயன்படும். ஒரு செயல்பாட்டில் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு.

ஓலை ஏடாவது எப்படி?

ஏடு எழுதப் பனை, தாளிப்பனை ஆகியவற்றின் ஓலைகளைப் பயன்படுத்தினர். மிக இளசாகவும் முற்றியதாகவும் இல்லாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்துவர். பிறகு நீரில் வேகவைத்தோ வேறு முறையிலோ பதப்படுத்தி, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவர். ஒரே அளவாக நறுக்கித் துளையிடுவர். ஒரு துளையில் கயிறு கோக்கப்படும். மற்றொன்றில் நாராசம் என்னும் கம்பி செருகப்படும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி.

எழுத்தாணியால் எழுதும்போது ஓலையில் கீறல்தான் விழும், நிறம் இராது. விளக்குக் கரியோடு ஊமத்தை, கோவை போன்றவற்றின் இலைச்சாற்றைக் கலந்து பூசித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்து தெளிவாகும். இதை மையாடல் என்றனர். பழைய சுவடிகளைப் படிக்கும் அறிஞர்களும் பராமரிப்போரும் இன்றும் இதே வேலையைச் செய்கிறார்கள். எழுத்து அழிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் ஏட்டில் பெரும்பாலும் மைதான் போயிருக்கும். கீறல் அப்படியே இருக்கும். இந்த ஒரு செய்தியைக் கேட்டாலே மாணவர்களின் கண்கள் விரியும்.

ஏடு கெடுவதற்குக் காரணங்கள் பல. காய்ந்தால் முறியும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டும். இராமபாணப் பூச்சி துளைத்துக்கொண்டே போகும். கறையானும் எலியும் மிச்சத்தைத் தின்னும். நம் தட்பவெப்பத்தில் ஓர் ஓலைச்சுவடி நன்கு காக்கப்பட்டாலும் சில நூற்றாண்டுகளே தாங்கும். அப்படியானால் சுமார் 2000 ஆண்டுப் பழமையுள்ள பாடல் நம் கைக்கு வந்தது எப்படி? ஒரே ஏடு 2000 ஆண்டு இருக்கவில்லை. பழையது நைவதற்கு முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதியதில் படியெடுத்தார். அதை இன்னொருவர் எடுத்தார். இந்தத் தொடர் ஓரிடத்தில் அறுந்தாலும் நூல் போயிற்று.

19ஆம் நூற்றாண்டில் அந்தத் தொடர் அறுந்துபோகும் நிலையில் இருந்தது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் உ.வே.சாமிநாதையரின் கவனம் சீவகசிந்தாமணியின் பக்கம் திரும்பியது. 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்தது. அவருக்கு முன்னரே யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை ஏடுகளைத் தேடிப் பதிப்பித்துவந்தார். இருவரும் ஏடு தேடிப் போன இடங்களில் கண்ட நிலையை எழுதிவைத்துள்ளனர். தொட்டால் ஓரம் உதிர்வதும், கட்டை அவிழ்த்தால் ஏடு ஒடிவதும் அவர்கள் அன்றாடம் கண்டவை. சில ஊர்களில் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் நீரில் விட்டுவிட்டதாகவும் ஐயருக்குச் சொன்னார்கள். அது அலட்சியத்தால் மட்டும் நடந்ததன்று. கலைமகளாகக் கருதும் ஏட்டைக் குப்பையில் போடக்கூடாது என்ற மரியாதையும் அதில் இருந்தது.

இன்னொரு சமூகம், இன்னொரு வழி

ஒரு பண்பாட்டைப் புரிந்துகொள்ள இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல கற்பித்தல் முறை. நமக்கு அருகிலேயே, கொச்சியில், அத்தகைய ஒப்பீடு கிடைக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. சேர மன்னர் பாஸ்கர இரவி, கி.பி.1000 அளவில், யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு அங்கே காக்கப்பட்டுவந்தது. அதன் எழுத்து, நம் மாணவர்கள் கல்வெட்டுப் பாடத்தில் படிக்கும் வட்டெழுத்து. தமிழ் எழுத்து வரலாறும் யூதர் வரலாறும் ஒரு செப்பேட்டில் சந்திப்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

யூதர்களின் திருநூலான தோரா, தொழுகைக்கூடத்தில் அச்சுப் புத்தகமாக வைத்து ஓதப்படுவதில்லை. பதமிட்ட தோலில் கையால் எழுதிய சுருளாகவே ஓதப்படுகிறது. மரபுக் கணக்கின்படி அதில் 3,04,805 எழுத்துகள். எழுதுபவரைச் சோஃபேர் என்பர். அவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் நினைவிலிருந்து எழுதக்கூடாது. முன்னால் ஒரு படியை வைத்துப் பார்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைத் தொடக்கூடாது. தோல் துண்டுகளை விலங்கின் நரம்பிழையால் தைத்து நீண்ட சுருளாக்குவர்.

அந்தச் சுருளில் ஓர் எழுத்து விடுபட்டாலும், மை வெடித்து உருவம் மாறினாலும், அச்சுருள் வழிபாட்டில் ஓதத் தகுதியற்றதாகிவிடும். ஓதும் நடுவில் அப்படிப்பட்ட பிழை தெரிந்தால் அதை ஒதுக்கிவைத்து வேறு சுருளை எடுப்பர். பிறகு சோஃபேர் வருவார். பிழையான எழுத்தைக் கத்தியால் மெல்லச் சுரண்டித் திருத்துவார். வெளிறியதை மை நிரப்பிச் சீராக்குவார். கிழிசலைத் தைப்பார் அல்லது பின்புறம் ஒட்டுப் போடுவார். இறைவனின் பெயரை மட்டும் அழிக்க அனுமதியில்லை. அதில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அந்தத் தோல் துண்டையே மாற்றிப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

பராமரிப்பு என்பது பழுதுபார்ப்பது மட்டுமன்று என்பதையும் இங்கே காணலாம். கைவியர்வை படாமலிருக்கச் சுருளை வெறுங்கையால் தொடுவதில்லை; வரியைக் காட்ட ஒரு சுட்டுகோல் வைத்திருப்பர். கொச்சி யூதர்கள் சுருளை உருளை வடிவப் பேழைக்குள் நிமிர்த்தி வைப்பர். திங்கள், வியாழன், ஓய்வுநாளாகிய சனி என வாரந்தோறும் ஓதுவதால், ஓராண்டில் முழு நூலும் ஒருமுறை கண்ணுக்கு முன் வந்துவிடும். பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடும். எடுத்துப் படிப்பதே முதல் பராமரிப்பு. நம் வீடுகளில் சரசுவதி பூசைக்கு ஏடுகளை இறக்கித் தூசி தட்டி வைத்த வழக்கத்தையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

திருத்தவே முடியாமல் நைந்துபோன சுருளை அவர்களும் எறிவதில்லை, அடக்கம் செய்வர். அல்லது கெனிசா எனப்படும் அறையில் இட்டுவைப்பர். எகிப்தின் கெய்ரோவில் இருந்த ஒரு கெனிசாவிலிருந்து சாலமன் ஷெக்டர் 1896-97இல் ஏராளமான ஏட்டுத் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அந்தத் தொகுப்பில், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்களும் இருந்தன. மரியாதையோடு ஒதுக்கிவைத்த தாள்கள் நம் மேற்குக் கடற்கரையின் வணிக வரலாற்றைச் சொல்கின்றன. நீரில் விட்ட ஏடுகளோ திரும்பி வரவில்லை. மரியாதை இரண்டு இடத்திலும் ஒன்றே, விளைவுதான் வேறு. இதை வகுப்பில் விவாதப் பொருளாக்கலாம்.

சிறுவன் சொல்லும் தீர்ப்பு

ஆசிரியர்களாகிய நம் மனத்தில் தங்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. சுருளில் ஓர் எழுத்தின் உருவம் ஐயத்துக்கு உரியதாக இருக்கிறது. அது இந்த எழுத்தா, அந்த எழுத்தா என்று பெரியவர்களுக்குள் முடிவாகவில்லை. அப்போது ஒரு சிறுவனை அழைத்து அந்த எழுத்தைக் காட்டுவர். அவன் மிகுந்த அறிவாளியாகவும் இருக்கக்கூடாது, எழுத்தே அறியாதவனாகவும் இருக்கக்கூடாது. எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். அவன் எப்படிப் படிக்கிறானோ அதுவே தீர்ப்பு.

அறிஞரை விட்டுவிட்டுச் சிறுவனைக் கேட்பது ஏன்? அறிஞர் முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு, 'இங்கே இந்த எழுத்துதான் வர வேண்டும்' என்று ஊகித்துவிடுவார். அவர் கண் காண்பதை அறிவு திருத்திவிடும். சிறுவன் இருப்பதை இருக்கிறபடி பார்ப்பான்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது எங்கள் பள்ளி இடைநிலை ஆசிரியை சிரித்தபடி, "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களைத்தான் நாம தினமும் அவசரப்படுத்துறோம், சார்" என்றார். அந்தச் சொல்லே கீழ்வரும் செயல்பாடுகளுக்கு விதையாயிற்று.

நம் ஏட்டில் புள்ளி இல்லை

தோராச் சுருளை எழுதுவோர் எழுத்தை அப்படியே காக்கும் வழியை வகுத்துக்கொண்டனர். நம் ஏட்டு மரபு எழுத்தோடு கற்போரின் அறிவையும் சேர்த்து நம்பியது. ஓலையில் புள்ளி வைத்தால் துளை விழக்கூடும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறியும் கிடையாது. குறில் நெடில் குழப்பத்தைத் தீர்க்க ஏ, ஓ ஆகியவற்றின் வடிவங்களைச் சீர்செய்தவர் என்று வீரமாமுனிவரை (1680-1747) நாம் பாடத்தில் போற்றுவது இதனால்தான்.

ஆகவே ஏடு படிப்பவருக்கு யாப்புத் தெரிய வேண்டும், எதுகை மோனை தெரிய வேண்டும், பொருள் தெரிய வேண்டும். இவை தெரியாதவர் படியெடுத்தால் எழுத்து மாறும். அரைகுறையாகத் தெரிந்தவர் எடுத்தால் சொல்லே மாறும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி இந்தப் பட்டறிவில் பிறந்தது. பதிப்பாசிரியர்கள் ஒரு நூலுக்குப் பல ஊர்ப் படிகளைத் தேடி அலைந்ததும், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் கொடுத்ததும் இக்குறையை ஈடுசெய்யத்தான்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: புள்ளி இல்லாத தமிழ் (6 முதல் 8 வரை, ஒரு பாடவேளை)

கரும்பலகையில் இடைவெளியின்றி 'வலவிலஒரி' என்று எழுதுங்கள். அடுத்து 'கெரலலிமலை' என்று எழுதுங்கள். எதையும் விளக்க வேண்டா. எங்கள் மாணவர்கள் இரண்டாவதைக் கண்டு திகைத்தார்கள். தங்கள் மலையின் பெயரே அது என்று ஒரு மாணவன் கண்டுபிடித்ததும் வகுப்பே ஆர்ப்பரித்தது. பிறகு 'ஊரநடுவெஎரி' என்று எழுதி, ஊர் நடுவே இருப்பது ஏரியா, எரியும் தீயா என்று கேளுங்கள். இரண்டுமே பொருந்தும் என்பதை அவர்களே உணர்வார்கள். எது சரி என்று முடிவு செய்ய அடுத்த வரி வேண்டும். சூழல் கொண்டு பொருளறிதல் என்ற திறன் இங்கே தானாக வந்து சேர்கிறது.

செயல்பாடு 2: படியெடுக்கும் தொடர் (7 முதல் 10 வரை, இரண்டு பாடவேளைகள்)

ஆறு பேர் கொண்ட குழுக்களாக மாணவர்களைப் பிரியுங்கள். அவர்கள் அறியாத நான்கு வரிப் பத்தி ஒன்றை நீங்களே எழுதி, புள்ளியும் இடைவெளியும் இன்றி முதல் மாணவரிடம் கொடுங்கள். அவர் படியெடுத்து, தன் படியை மட்டும் அடுத்தவரிடம் தருவார். ஆறாவது படியை முதலாவதோடு ஒப்பிட்டு மாற்றங்களை வட்டமிடச் செய்யுங்கள்.

இரண்டாம் சுற்றில் வேறு பத்தியைக் கொடுத்து மூன்று விதிகளைச் சேருங்கள். ஒன்று, ஒவ்வொரு சொல்லையும் மெல்லிய குரலில் சொல்லி எழுத வேண்டும். இரண்டு, ஒவ்வொரு வரியின் எழுத்துகளையும் எண்ணி ஓரத்தில் குறிக்க வேண்டும். மூன்று, எழுதியதை அருகிலுள்ளவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே அட்டவணையாக்கட்டும்.

எங்கள் வகுப்பில் முதல் சுற்றில் கண்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சில இடங்களில் சொல்லையே மாற்றியிருந்தார்கள். 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று தாங்கள் எண்ணியதை எழுதியிருந்தார்கள். மெல்லக் கற்கும் மாணவன் என்று குறிக்கப்பட்ட ஒருவனின் படியிலோ, பொருள் விளங்காத இடத்திலும் எழுத்து மாறவில்லை. அவன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரைந்திருந்தான். குழுவின் ஒப்பீட்டில் இது தெரிந்ததும், இரண்டாம் சுற்றில் சரிபார்ப்பவனாக அவனையே மற்றவர்கள் கேட்டு அமர்த்திக்கொண்டார்கள். படியெடுக்க இரண்டு வகையான ஆள்களும் வேண்டும் என்பதை நான் விளக்கவேண்டிய தேவையே எழவில்லை.

செயல்பாடு 3: சின்னவர் தீர்ப்பு (தொடக்க வகுப்புகளோடு இணைந்து)

மேல் வகுப்பு மாணவர்களின் கையெழுத்தில் ஐயத்துக்குரிய எழுத்துகளைத் தேர்ந்தெடுங்கள். சுற்றியுள்ள சொற்களைத் தாளால் மறைத்து, ண, ன, ள, ல, ற, ர போன்றவை தெரியும்படி ஒரு சிறு சாளரம் மட்டும் விடுங்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்புக் குழந்தையை அழைத்து, "இது என்ன எழுத்து, கண்ணு?" என்று கேளுங்கள். குழந்தை சொன்னதே முடிவு. பெரிய வகுப்பு அண்ணன்களின் எழுத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் குழந்தைக்குக் கிடைக்கும் பெருமிதம் பெரிது. அண்ணன்களின் கையெழுத்தும் திருந்துகிறது. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் எழுத்தறிதலை மதிப்பிடவும் இது உதவும்.

செயல்பாடு 4: கிரந்தக் கணக்கு (கணிதத்தோடு இணைந்து)

ஏடெழுதுவோரின் உழைப்பையும் நூலின் அளவையும் கணக்கிட 32 எழுத்துகளை ஒரு கிரந்தம் எனக் கொண்டனர். தோராவின் 3,04,805 எழுத்துகளை இந்த அளவால் வகுக்கச் சொல்லுங்கள். 9,525 கிரந்தமும் மீதி 5 எழுத்தும் வரும். ஒரு மாணவர் ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்தைப் பிழையின்றி எழுதுகிறார் என்று அளந்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எழுதினால் எத்தனை நாளாகும் என்று கணக்கிடச் செய்யலாம். எழுதுவதற்கு ஆகும் காலத்தை அறிந்த பிறகு, நூலகப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழிக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

வீட்டில் சுவடி இருந்தால்

இந்தப் பாடத்தை நடத்தினால், "எங்க வீட்லயும் இருக்கு சார்" என்று ஒரு குரல் வரக்கூடும். அதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படிச் சொன்னாள். அவளுடைய பாட்டனார் மூலிகை வைத்தியம் பார்த்தவர். அடுப்படிப் பரணில் அவருடைய ஏட்டுக் கட்டு இருந்தது. பெற்றோர் அழைத்ததன் பேரில் சென்றேன். "படிக்க ஆளில்லாத ஏடு வீட்ல இருந்தா ஆகாதுன்னு எங்க ஆயா சொல்லும் சார். வர்ற ஆடிப் பதினெட்டுல தண்ணில விட்டுடலாம்னு இருக்கோம்" என்றார் தந்தை. கீழ்நாட்டிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் விலை கேட்டதாகவும் சொன்னார்.

நான் ஏட்டைக் கையில் வாங்கவில்லை. "படிக்க ஆளிருந்தால் வைத்துக்கொள்வீர்களா?" என்று மட்டும் கேட்டேன். மாணவியையே கட்டை அவிழ்க்கச் சொன்னேன். ஏடுகளின் இடப்பக்க ஓரத்தில் இருந்த தமிழ் எண்களை அவள் வகுப்பில் படித்திருந்தாள். ௧, ௨, ௩ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், ௬ முடிந்து ௮ வந்ததும் நிறுத்தினாள். "ஏழாவது ஏடு இல்லப்பா" என்றாள். அதுவரை கதவோரம் நின்றிருந்த தந்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பரணில் மறுபடி தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் மீதியை நீரில் விடும் பேச்சு அன்றோடு நின்றது. இப்போது அவள் வாரம் ஓர் ஏட்டைப் பார்த்து நோட்டில் படியெடுக்கிறாள். புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி இடுகிறாள், ஊகித்து எழுதுவதில்லை. ஏடு அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இத்தகைய நிலையில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கட்டை அவிழ்க்கும் முன் இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். ஏடுகளின் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத ஏட்டை இருந்த இடத்திலேயே வையுங்கள்.

2. கை கழுவி நன்கு உலர்ந்த பிறகே தொடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது. உலர்ந்த மென்மையான தூரிகையால், ஏட்டின் நீளவாக்கில் தூசியை நீக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டா.

3. ஒட்டியிருக்கும் ஏடுகளைப் பிரிக்க முயலாதீர்கள். வெயிலில் காயவைக்கவோ நீரில் நனைக்கவோ கூடாது. ஒட்டுநாடா, பசை, நெகிழி உறை வேண்டா. பூசையின்போது குங்குமத்தையும் சந்தனத்தையும் ஏட்டின் மேல் இடாமல் சட்டத்தின் மேலோ சுற்றிய துணியின் மேலோ இடச் சொல்லலாம்.

4. காய்ந்த ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதும், மையாடுவதும், முறிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதும் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டியவை. கீறி எழுதாமல் மையால் எழுதிய ஏடாக இருந்தால் எண்ணெய் பட்டதும் எழுத்து கலையும்.

5. பருத்தித் துணியில் சுற்றி, தரையையும் சுவரையும் தொடாத இடத்தில் வையுங்கள். சிறு துணி முடிப்பில் வசம்பு வைப்பது பழைய வழக்கம். எங்கள் மலையைப் போல மூடுபனியும் ஈரமும் மிகுந்த ஊர்களில், மழைக்காலம் முடிந்ததும் எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது.

6. சுவடி அந்தக் குடும்பத்துக்கு உரியது. பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மருத்துவக் குறிப்புகளைக் குடும்பத்தாரின் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்பக்கூடாது. அதில் உள்ள மருந்தை யாரும் செய்து பார்க்கவும் கூடாது.

7. அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புடைய கையெழுத்துச் சுவடி 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையதாயின், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி அது தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வியாபாரிகள் வந்தால் இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

படிக்கவும் பாதுகாக்கவும் உதவி தேவைப்பட்டால் அணுகுவதற்கு நம் மாநிலத்தில் நிறுவனங்கள் உள்ளன. சென்னையில் 1869 முதல் இயங்கிவரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம், தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை ஆகியவை அவற்றுள் சில. செம்மஞ்சேரி ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நம் ஊர் வைத்தியரின் ஏடும் அந்த வகையைச் சேர்ந்ததே என்று சொல்லும்போது குடும்பத்தார் அதைப் பார்க்கும் பார்வை மாறுகிறது.

மதிப்பீடு

இந்தப் பாடத்துக்குத் தனித் தேர்வு வேண்டா. பாடம் முடிந்ததும் மாணவர்கள் மூன்று வினாக்களுக்குத் தம் சொந்த நடையில் விடை எழுதினால் போதும். புள்ளி இல்லாத ஒரு வரிக்கு இரண்டு பொருள் காண முடிகிறதா? படியெடுத்தபோது தாம் செய்த மாற்றத்தையும் அதன் காரணத்தையும் சொல்ல முடிகிறதா? வீட்டில் அல்லது ஊரில் உள்ள பழைய எழுத்து ஒன்றை, அது ஏடாயினும் பத்திரமாயினும் கல்லாயினும், அடையாளம் கண்டு அதன் நிலையை விவரிக்க முடிகிறதா? மூன்றாவது வினாவுக்கான விடைகளைத் தொகுத்தால், உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களின் எழுத்துச் செல்வப் பட்டியல் ஒன்று உருவாகிவிடும்.

கொச்சியின் யூதர்களில் பெரும்பாலோர் 1948க்குப் பிறகு இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஓத ஆள் குறைந்த இடத்தில் எவ்வளவு அழகிய சுருளும் காட்சிப்பொருளாகவே மிஞ்சும். நம் ஏடுகளுக்கும் அதே நிலைதான். பெட்டியும் துணியும் வசம்பும் ஏட்டைக் காக்கும். எழுத்தைக் காப்பது படிக்கத் தெரிந்த குழந்தை. அந்தக் குழந்தையை உருவாக்கும் வேலை நம்மிடம் இருக்கிறது. வரும் சரசுவதி பூசைக்கு முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, முதல் செயல்பாட்டை மட்டுமாவது உங்கள் வகுப்பில் நடத்திப் பாருங்கள். உங்கள் ஊரின் பெயரைப் புள்ளியின்றி எழுதித் தொடங்குங்கள்.